அன்று அங்கே இருந்தவர்கள்

ஜனவரி 6

குண்டூசிக்கு,

அன்று அங்கே இருந்தவர்கள் ஒன்பது பேர். பதவி உயர்வு வாங்கிய உன் பெரிய மாமா. அவன் பெண்டாட்டி. சின்ன மாமா. வெளியூர் வேலையிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்த உன் அம்மா, அப்பா. பெரிய மாமாவின் மேனேஜர். தெருச் செய்தியெல்லாம் ஒலிபரப்பும் எதிர்வீட்டு ரேடியோக்காரி, அவளை யாரும் கூப்பிடவில்லை. குடும்பப் படம் எடுக்க வந்த போட்டோக்காரர். கடைசியில் பையோடு ஓடி வந்த தெருமுனை டாக்டர்.

பதினாலு வருஷம் ஆகிறது. யார் எந்த நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டாலும் சொல்வேன். அன்று உனக்குப் பதின்மூன்று வயது. எல்லாரும் கூடத்தில் வரிசையாக நிற்க, நீ பின்னறையில் அழுக்குத் துணி மூட்டைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாய். அப்போது உன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கதவிடுக்கில் வால் மாட்டிய நாய்க்குட்டி மாதிரி.

அதே சத்தத்தைப் போன வாரம் உன் பெரிய மாமா நீ அறிவிப்புச் சொல்கிற ஊர் பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் கேட்டானாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, உன் பேத்தி மைக்கை அணைக்காம முனகிட்டா. மூணாம் மேடையில நின்ன அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தாங்க." எப்படி முனகினாள் என்று கேட்டேன். செய்து காட்டினான். கையிலிருந்த தட்டை நான் கீழே வைத்துவிட்டேன்.

போனில் கேட்கலாமே என்பாய். என் காதுக்குப் போன் எட்டுவதில்லை, அது ஒன்று. எட்டினாலும் நீ "நல்லா இருக்கேன் பாட்டி" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவாய், அது இரண்டு. நான் மூன்றாம் வகுப்புத்தான். ஆனால் தாளில் பொய் எழுதினால் கையெழுத்து கோணும், அது எனக்குத் தெரியும்.

இத்தனை வருஷமும் மாதாமாதம் இப்படித்தானா? எழுது. எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம்.

உன் பாட்டி

*

ஜனவரி 17

அன்புள்ள பாட்டிக்கு,

குண்டூசியின் வணக்கம். முழங்காலுக்கு நான் வாங்கித் தந்த பட்டையைக் கட்டுகிறீர்களா, இல்லை அதை வைத்து ஜன்னல் கதவைக் கட்டியிருக்கிறீர்களா?

பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் அறிவிப்பு அறை பஸ் நிலையத்தின் நடுவில், இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு கூண்டு. பஸ் எண், மேடை, நேரம் சொல்லிவிட்டு மைக்கின் பொத்தானை மேலே தள்ளி அணைக்க வேண்டும். அடுத்த அறிவிப்புக்கு நாலு நிமிஷம் இருக்கும். அந்த நாலு நிமிஷத்தில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து முனகிக்கொள்வேன். ஆறு வருஷமாக அப்படித்தான். அன்று பொத்தானைத் தள்ள மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

மேடை கூட்டும் அக்கா துடைப்பத்தோடு படியேறி வந்தார். "மாசத்துக்கு எத்தனை நாள் இப்படி?" என்றார். ஏழு நாள் என்றேன். "எனக்கும் ஒன்பது வருஷம் இருந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. கேள்வி கேட்டே உயிரை வாங்குவாங்க. போயிடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் போகப் போவதில்லை பாட்டி. மூன்று டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. முதல் டாக்டர் நம் தெருமுனைக்காரர், வாயு என்றார். இரண்டாமவர் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஒன்றும் இல்லை, மனதைத் திடமாக வைத்துக்கொள் என்றார். மூன்றாமவர் என் முகத்தையே பார்க்கவில்லை. கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். நான் நடிக்கவில்லை என்று நாலாவது ஒருவரிடம் போய் நிரூபிக்கத் தெம்பு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குண்டூசி

*

ஜனவரி 25

குண்டூசிக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து நேராக இருக்கிறது, சந்தோஷம். உடம்புதான் கோணலாக இருக்கிறது.

குழந்தை பிறந்தால் சரியாகுமாம். நான் மூன்று பெற்றேன், எனக்கு முழங்கால் சரியாகவில்லையே. அந்த டாக்டரையும் ஸ்கேன்காரரையும் என் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அது லேசுப்பட்ட பட்டியல் இல்லை. போட்டோக்காரர் பதினாலு வருஷமாக அதில் இருக்கிறார், "சீக்கிரம் வரச் சொல்லுங்க, வெளிச்சம் போகுது" என்று சொன்னதற்காக. அவர் தெருவில் வந்தால் நான் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாவம், வெயில் என்று நினைத்துக்கொண்டு குடையைச் சாய்த்துப் பிடிப்பார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஊரில் உள்ள அத்தனை பஸ்ஸுக்கும் உன் வாய் உதவுகிறது, உன் வயிற்றுக்கு உதவவில்லை. மூன்று கடையில் செருப்பு பொருந்தவில்லை என்றால் வெறுங்காலோடு நடப்பாயா? நாலாவது கடைக்குப் போ. கேள்வி கேட்கிற டாக்டர் என்றால் நல்லதுதானே, மற்ற மூன்று பேரும் கேட்கவே இல்லையே.

அந்த டாக்டரம்மாவைப் பார்க்காமல் எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். நான் சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

பட்டை ஜன்னலில்தான் இருக்கிறது. நன்றாகப் பிடிக்கிறது.

உன் பாட்டி

*

பிப்ரவரி 20

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஐந்து மணி நேரம் வரிசையில் இருந்தேன். உள்ளே நாற்பது நிமிஷம். எப்போது வலிக்கும், எங்கே ஆரம்பித்து எங்கே போகும், தொடையில் இறங்குமா, கழிவறையில் உட்காரும்போது கத்தியால் குத்துவது மாதிரி இருக்குமா என்று கேட்டார். கடைசிக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாக யாரிடமும் சொன்னதும் இல்லை.

எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்றார். கருப்பைக்கு உள்ளே படர்ந்திருக்கும் சவ்வு மாதிரி ஒன்று வெளியேயும் வளர்ந்துவிடுகிறதாம். மாதாமாதம் அங்கேயும் புண்ணாகிறதாம், குடலோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யுமாம். "சாதாரண ஸ்கேன்ல தெரியலைன்னா, இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா" என்றார். பாட்டி, அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போய் மைக்கில் நாலு தடவை சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஒரு சிக்கல். ஆரம்பத்திலிருந்து எப்போதெல்லாம் படுத்தேன், எத்தனை நாள் என்று அடுத்த தடவை எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார். அதையும் புது ஸ்கேனையும் வைத்துத்தான் அறுவை சிகிச்சை செய்வதா என்று முடிவெடுப்பாராம். என்னிடம் எந்தச் சீட்டும் இல்லை. ஆபீஸ் லீவுப் பதிவேட்டில் ஐந்து கட்டம்தான் அச்சடித்திருக்கிறார்கள்: காய்ச்சல், விபத்து, திருமணம், மரணம், இதர. இதரவில் போட்டால் மேற்பார்வையாளர் கூப்பிட்டு என்னவென்று கேட்பார். அதனால் எப்போதும் காய்ச்சலில் குறி போட்டேன். ஆறு வருஷத்தில் எனக்கு ஐம்பத்தெட்டுக் காய்ச்சல்.

வேலைக்கு வருவதற்கு முந்திய வருஷங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்குமா? மார்ச் 15 மறுபடி போக வேண்டும்.

குண்டூசி

*

மார்ச் 2

குண்டூசிக்கு,

ஞாபகம் இருக்குமா என்று என்னைப் பார்த்தா கேட்கிறாய்? எனக்கு வேறு என்ன வேலை?

எழுதிக்கொள். முதல் நாள் உனக்குத் தெரியும். டாக்டர் வந்தார், வாயு என்று எழுதினார், போனார். அதை விடு.

அதற்கு நாலு வாரம் கழித்து உனக்குக் கணக்குப் பரீட்சை. பாதியில் எழுந்து வந்துவிட்டாய். படிக்காத பிள்ளைக்கு வயிறு வலிக்கத்தான் செய்யும் என்று தலைமையாசிரியை சீட்டு எழுதி அனுப்பினாள். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டேன். நீ மூன்று நாள் படுத்திருந்தாய். அடுத்த மாதம் தண்ணீர் லாரி வந்த அன்று இரண்டு குடத்தோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாய். அந்தச் சமயம் பார்த்து ரேடியோக்காரி நம் இடத்தில் தன் குடத்தை வைத்தாள். அது ஒரு புதன்கிழமை, சினிமாக் கொட்டகையில் தீப்பிடித்ததற்கு மறுநாள். தேதி வேண்டுமென்றால் பழைய பேப்பரில் பார்க்கச் சொல்.

சின்ன மாமா கல்யாணத்தில் நீ சாமான் அறையில் பாய்க்கட்டின் மேல் கிடந்தாய். பெண்ணின் அத்தை உன் காலை மிதித்துக்கொண்டு போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. அது அவளுக்குத் தெரியாது, நாங்கள் அதற்கு முன்னும் பேசியதில்லை. அது போகட்டும். கல்யாணம் பத்தாம் தேதி. பதினாலாம் தேதிதான் நீ எழுந்தாய்.

நீ பத்தாம் வகுப்பில் தேறிய நாளன்று கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இதையெல்லாம் தாளில் எழுதக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டரம்மா வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள் என்றால் எழுதலாம்.

மற்றதெல்லாம் பின்னால் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், மொத்தம் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் அன்று யாரோடு எனக்கு மனத்தாங்கல் என்றும் எழுதியிருக்கிறேன். அப்படித்தான் எனக்கு நாள் நிற்கும். டாக்டரம்மாவுக்குச் சண்டை வேண்டாம் என்றால் அடித்துவிட்டுக் கொடு.

விரல் வலிக்கிறது. மற்றபடி சௌக்கியம்.

உன் பாட்டி

*

மார்ச் 19

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். விரலுக்கு ஓய்வு கொடுத்தீர்களா?

நான் எதையும் அடிக்கவில்லை, அப்படியே கொடுத்தேன். டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு காலண்டரை இழுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறித்தார். குறித்து முடித்ததும் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "உங்க பாட்டி யாரோடயாவது சண்டை போட்ட நாளெல்லாம் கிட்டத்தட்ட நாலு நாலு வாரக் கணக்குல விழுது. ஒவ்வொரு சண்டைக்குப் பக்கத்துலயும் நீ படுத்திருக்கே." பக்கத்து மேஜையில் இருந்த பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டு, "நோயாளி சொல்றதை எப்படிக் கேக்கணும்னா இப்படி" என்று உங்கள் தாளைக் காட்டினார். நீங்கள் என் கோப்பில் இருக்கிறீர்கள் பாட்டி.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. இந்தத் தடவை தெரிந்தது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்.

இன்னொரு கேள்வியும் கேட்டார். முதல் டாக்டரிடம் நீ என்ன சொன்னாய் என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அத்தனை வலியில் ஏன் சொல்லவில்லை என்றார். ஞாபகம் இல்லை என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

பதில் எழுதுங்கள்.

குண்டூசி

*

ஏப்ரல் 11

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. பெரிய மாமாவிடம் போனில் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் யாரோடும் சண்டை போடவில்லை என்றார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

மே 6 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அம்மா வருகிறார். மேற்பார்வையாளர் ஒரு மாத லீவு தர மாட்டேன் என்றார், காய்ச்சலுக்கு எதற்கு ஒரு மாதம் என்றார். நான் பதிவேட்டை வாங்கி ஐந்து கட்டத்துக்கும் கீழே இருந்த வெற்றிடத்தில் எண்டோமெட்ரியோசிஸ் என்று முழுவதுமாக எழுதினேன். "இதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றார். "போட்டுக்கங்க சார்" என்றேன். டாக்டரம்மாவின் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டிருந்தார், லீவையும் எழுதித் தந்துவிட்டார்.

என் மேல் கோபமா? எதுவானாலும் திட்டியாவது எழுதுங்கள்.

குண்டூசி

*

ஏப்ரல் 24

குண்டூசிக்கு,

சௌக்கியம்.

உனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் மட்டும் உன் கையெழுத்து கோணியிருக்கிறது. நீ என் பேத்தி. உனக்கு ஒன்றும் மறக்காது.

இதோடு இன்னொரு தாளை மடித்து ஒட்டி வைத்திருக்கிறேன். நீ பிரிக்காதே. கத்தி வைப்பதற்கு முன்னால் டாக்டரம்மாவின் கையில் கொடு. கோப்பில் தப்பு இருக்கக் கூடாது.

தைரியமாகப் போ. வாயைத் திறந்து பேசு.

உன் பாட்டி

*

மே 21

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை மணி நேரம் ஆனதாம். கருப்பைக்குப் பின்னால் குடலோடு ஒட்டியிருந்ததாம், இடது சினைப்பையில் ஒரு கட்டி. எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார்கள். மறுபடி வரலாம், மாத்திரை தொடர வேண்டும், முழுசாக விட்டுப் போய்விடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். பரவாயில்லை. வந்தால் எங்கே போக வேண்டும் என்று இப்போது தெரியும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று இனி யாராவது சொன்னால், அப்புறம் எதில் தெரியும் என்று கேட்கவும் தெரியும்.

உங்கள் ஒட்டிய தாளை அறுவைக்கு ஒரு வாரம் முன்பு கொடுத்தேன். டாக்டரம்மா நின்றுகொண்டே படித்தார். கோப்பில் எல்லாத் தாளுக்கும் மேலே வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்கம்மா. இனிமே இவ வலியை இவதான் சொல்லணும்" என்றார். அம்மா எழுந்து போனார். நான் இருபது நிமிஷம் பேசினேன். நடுவில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாளில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. ஒன்பது பேர் என்று எழுதினீர்களே, அன்றே எண்ணிப் பார்த்தேன். ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆளை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

அடுத்த மாதம் கூண்டுக்குத் திரும்புகிறேன். மேடை கூட்டும் அக்கா வீட்டுக்கே வந்து எப்போது வருகிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

குண்டூசி

*

ஜூன் 3

குண்டூசிக்கு,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். கையெழுத்தில் ஒரு கோணலும் இல்லை. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு.

என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். போட்டோக்காரரை விட்டுவிட்டேன். வெளிச்சம் போகிறது என்று அவர் சொன்னது உண்மைதானே. நேற்று தெருவில் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். பயந்துபோய் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டார். ரேடியோக்காரியையும் விட்டுவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் வந்து வந்து கேட்டாள், தெரு முழுக்கச் சொல்லவும் செய்தாள், சொல்லட்டும். தெருமுனை டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை நான் இத்தனை வருஷம் திட்டியது அநியாயம். அவர் கேட்டார். மற்ற இரண்டு பேர் மாதிரி இல்லை, அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, உன்னைத்தான் கேட்டார். "எப்படி வலிக்குது பாப்பா?" என்றார்.

நீ வாயைத் திறந்தாய். எனக்கு இப்போதும் தெரிகிறது, உன் கீழுதடு வெடித்திருந்தது. மேனேஜர் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தார். பின்னறை வாசலில் நின்ற நான் உனக்கு முந்திக்கொண்டு சொன்னேன்: "அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். படத்துக்கு நிக்கச் சொன்னதுல நடிக்கிறா. எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான். வாயுவா இருக்கும்." உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். டாக்டர் வாயு என்று எழுதினார். அது அவர் கண்டுபிடித்தது இல்லை, நான் சொல்லி அவர் எழுதியது. நீ திறந்த வாயை மூடிக்கொண்டாய். பிறகு எழுந்து வந்து படத்தில் நின்றாய். சுவரில் மாட்டியிருக்கிறது, போய்ப் பார்த்தேன். எல்லாரும் சிரிக்கிறோம். நீ என் பக்கத்தில் நிற்கிறாய், மேஜை விளிம்பு மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு.

டாக்டரம்மாவுக்கு எழுதிய தாளில் இதைத்தான் எழுதினேன். நோயாளிக்கு நினைவில்லை என்று இருந்தால் அது பொய்க் கோப்பு.

போன வாரம் ரேடியோக்காரியின் பேத்தி பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுத்திருந்தாள். பன்னிரண்டு வயது. வலிக்கிற முழங்காலோடு நானே ஆட்டோவில் நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரேடியோக்காரி பின்னாலேயே உள்ளே நுழையப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். "குழந்தைக்கு என்னங்க சொல்லத் தெரியும்?" என்றாள். "தெரியும். நீ வாயை மூடு, நானும் மூடிக்கிறேன்" என்றேன். அரை மணி நேரம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ விட்டது உன் மனசு. அது பெரிய மனசு, உன் அப்பா வழியில் வந்திருக்கும். என்னை அதற்கு இழுக்காதே. யாரையாவது மறக்காமல் வைத்திருந்தால்தான் எனக்கு நாள் நிற்கும், கால் நடக்கும், அடுத்த பிள்ளையை ஆட்டோவில் ஏற்ற முடியும்.

அன்று அங்கே இருந்தவர்கள் பத்துப் பேர். ஒன்பது பேரை விட்டுவிட்டேன். பின்னறை வாசலில் நின்றவளை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை.

உன் பாட்டி